நாய்கள் கற்றுத்தந்த சிறுநீரகப் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். அந்தக் காபிக்கும் இந்தப் பதிவில் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். அவர் வீட்டு நாய்க்குப் பத்து வயது. நான்கு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 4 என்று வந்திருக்கிறது. "போன மாசம் வரைக்கும் மாடிப்படி ஏறி இறங்கிட்டுத்தானே சார் இருந்தது? திடீர்னு எப்படி சார் கிட்னி போகும்?" என்று கேட்டார். நான் மருத்துவன் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆனால் அவருடைய கேள்விக்குப் பின்னால் 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நாய்களின் வரலாறு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அவர் கேள்விக்கு நேரான பதில்: திடீரென்று போகவில்லை. சிறுநீரகம் என்பது நுண்ணிய வடிகட்டிகளின் பெருங்கூட்டம். மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. நாய்க்குச் சுமார் 4 லட்சம், பூனைக்குச் சுமார் 2 லட்சம். சில பழுதானால் மற்றவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை போனால் வெளியில் தெரியாது. இரண்டு பேருக்குப் போனாலும் சமாளிப்பார்கள். அடுப்பு எரியாதபோதுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியவரும். சிறுநீரகமும் அப்படித்தான். தசையில் உண்டாகும் கழிவான கிரியாட்டினின், நாய்க்கும் பூனைக்கும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேலைத்திறன் போன பிறகே ரத்தத்தில் இயல்பான அளவைத் தாண்டுகிறது என்பது கால்நடை மருத்துவத்தின் பாலபாடம்.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா? அந்த வழியைத் தேடிய கதைதான் இது.

கத்தியில் தொடங்கிய கதை

1821ஆம் ஆண்டு, ஜெனீவா நகரம். பிரெவோ, டூமா என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். சிறுநீரில் யூரியா இருப்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். அதைச் சிறுநீரகமே உற்பத்தி செய்கிறதா, அல்லது ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து வெளியேற்றுகிறதா என்பதுதான் தெரியாது. அவர்கள் நாய் முதலிய விலங்குகளின் சிறுநீரகங்களை அறுத்தெடுத்துவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். யூரியா ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போனது. சிறுநீரகம் யூரியாவை உண்டாக்கவில்லை, ரத்தத்திலிருந்து நீக்குகிறது என்று தெளிவானது. இன்று நம் ஊர் லேப்களில் "யூரியா, கிரியாட்டினின் பாருங்கள்" என்று எழுதித் தரும் சீட்டின் ஆணிவேர் அங்கே இருக்கிறது. மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. அந்த விலங்குகள் பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1827இல், லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சூடுகாட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது திரிந்தது. சிறுநீரில் புரதம் ஒழுகினால் சிறுநீரகத்தில் கோளாறு என்று அவர் எழுதிவைத்தது இன்றும் செல்லும்.

1902இல் வியன்னாவில் எமரிக் உல்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயின் கழுத்து ரத்தக் குழாய்களோடு இணைத்தார். கழுத்திலிருந்தபடியே அது சிறுநீரை வடித்தது. சிறுநீரகத்தை இடம் மாற்றி வைத்தாலும் அது வேலை செய்யும் என்று உலகம் கண்டது அப்போதுதான். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல், உறவினர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தி இந்தியாவிலேயே முதன்முறையாக வெற்றி கண்டார்கள். வியன்னா நாயிலிருந்து வேலூர் வரை வர 69 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டயாலிசிஸும் அப்படித்தான். 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபல் குழுவினர் நாயின் ரத்தத்தை உடலுக்கு வெளியே மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்பச் செலுத்தினார்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியின் வாயிலிருந்து எடுத்த ஹிருடின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் தாம் செய்த கருவியால் ஒரு மனித உயிரை முதன்முதலில் மீட்டது 1945இல். இன்று சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில், நாய்களுக்கே டயாலிசிஸ் செய்கிறார்கள். நாயிடம் கற்றது சுற்றி வந்து நாய்க்கே கிடைத்திருக்கிறது.

அளக்கத் தெரிந்த கதை

யூரியாவும் கிரியாட்டினினும் ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பது, சாக்கடை அடைத்துத் தெருவில் தண்ணீர் நின்ற பிறகு அளப்பது மாதிரி. சாக்கடை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தால் அடைப்பு தொடங்கும்போதே தெரிந்துவிடும். சிறுநீரகத்தின் அந்த வடிகட்டும் வேகத்தைத்தான் மருத்துவர்கள் ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். ஆரோக்கியமான மனிதருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி, நாளைக்கு 180 லிட்டர். அதில் 99 பங்கையும் உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால்தான் நாம் நாள் முழுக்க கழிப்பறையிலேயே உட்கார்ந்திருக்காமல் பிழைத்தோம்.

இந்த வேகத்தை எப்படி அளப்பது? 1926இல் கோபன்ஹேகனில் பவுல் ரேபெர்க் என்பவர் கிரியாட்டினினைத் தாமே கரைத்துக் குடித்து, தம் ரத்தத்தையும் சிறுநீரையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். நல்ல முயற்சி. ஆனால் சரியான கணக்குக்கு இன்னும் தூய்மையான ஒரு பொருள் தேவைப்பட்டது. வடிகட்டியில் தடையில்லாமல் இறங்க வேண்டும், வழியில் திரும்ப உறிஞ்சப்படக் கூடாது, கூடுதலாகச் சுரக்கவும் கூடாது, உடலில் சிதையக் கூடாது, நஞ்சாகவும் இருக்கக் கூடாது.

இப்போது காபி டம்ளரைப் பாருங்கள். நம் காபித்தூளில் கலக்கிறார்களே சிக்கரி, அந்தச் செடியின் வேரில் நிறைய இருக்கும் மாவுப்பொருளின் பெயர் இனுலின். டாலியாக் கிழங்கிலும் உண்டு. (இன்சுலின் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) வேண்டிய குணங்கள் அத்தனையும் அதற்கு இருந்தன. 1934இல் ரிச்சர்ட்ஸ் குழுவினர் ஆரோக்கியமான நாய்களுக்கு இனுலினைச் செலுத்தி அளந்து வெளியிட்டார்கள். 1935இல் நியூயார்க்கில் ஷானனும் ஹோமர் ஸ்மித்தும் மனிதரிடம் அளந்தார்கள். அன்று முதல் சிறுநீரக வேலைத்திறனை அளக்கும் முறைகளுக்கெல்லாம் இனுலின்தான் உரைகல்.

ஆனால் அதை நடைமுறையில் செய்வது பெரும்பாடு. இனுலினை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நேரம் பார்த்துச் சிறுநீரைத் துளி சிந்தாமல் பிடிக்க வேண்டும். மனிதரிடம் "இந்த ஜாடியில் பிடியுங்கள்" என்று சொல்லலாம். பூனையிடம் யார் சொல்வது? பிற்காலத்தில் ஐயோஹெக்ஸால் என்ற மருந்தை ஊசியில் செலுத்தி, சில மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுத்துக் கணக்கிடும் முறை வந்தது. அதிலும் ஒவ்வொரு முறையும் அந்த வாயில்லா ஜீவனை அமுக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். மனிதருக்கு வயதையும் பாலினத்தையும் கிரியாட்டினினோடு சேர்த்துச் சூத்திரத்தில் போட்டு ஜி.எஃப்.ஆரை ஊகிக்கிறார்கள். நாய்க்கு அப்படி நம்பகமான சூத்திரம் இல்லை. இரண்டு கிலோ பொமரேனியனும் ஐம்பது கிலோ கிரேட் டேனும் ஒரே இனம்தானே, எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? ஆகவே பரிசோதனைக் கூடத்தில் நாய்கள் மேல் வைத்துக் கண்டறிந்த அளவை முறை, நோய்ப்பட்ட வீட்டு நாய்களுக்கு மட்டும் எட்டாக் கனியாகவே இருந்தது.

தோல் வழியே ஒரு வெளிச்சம்

இங்கேதான் நமக்குத் தெரிந்த ஒரு செடியின் உறவுக்காரர் வருகிறார். நம் பக்கத்து மேட்டு நிலங்களில் நரி வெங்காயம் பார்த்திருப்பீர்கள். ஆடுகூடக் கடிக்காது, அவ்வளவு நஞ்சு. அதன் இனத்தைச் சேர்ந்த கடல் வெங்காயம் மத்தியதரைக் கடலோரத்தில் வளர்கிறது. ஐரோப்பாவில் அதை எலிக்கு நஞ்சாகவும் இதயத்துக்கு மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். அந்தக் கிழங்கிலிருந்து நஞ்சை நீக்கிப் பிரித்தெடுக்கும் மாவுப்பொருள்தான் சினிஸ்ட்ரின். இனுலினுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு உள்ள நல்ல குணமெல்லாம் உண்டு. கூடவே தண்ணீரில் எளிதாகக் கரையும்.

இந்தச் சினிஸ்ட்ரினோடு ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டவைத்தார்கள். ஃப்ளோரசீன் என்ற அந்தச் சாயக் குடும்பத்தின் மூலப்பொருளை 1871இல் உண்டாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பாயர். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுக்கக் கண் மருத்துவமனையில் மஞ்சள் மருந்தைக் கையில் ஏற்றுவார்களே, அதுவும் இதுதான். நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும்.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் நார்பர்ட் கிரெட்ஸ் முதலானோர் அடங்கிய குழு, இந்தச் சாயம் கட்டிய சினிஸ்ட்ரினை எலிகளுக்குச் செலுத்தி, தோலின் மேலிருந்தே அளக்கலாம் என்று 2009இல் காட்டியது. 2014இல் அவர்களும் கீஸன் நகரின் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து ஆரோக்கியமான நாய்களிடமும் பூனைகளிடமும் செய்துபார்த்து முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டார்கள்.

முறை எளிது. ரோமத்தைக் கொஞ்சம் சிரைத்துவிட்டு உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியைத் தோலில் ஒட்டுகிறார்கள். சாய மருந்தை நரம்பில் ஒரே ஒரு ஊசி. கருவி நீல ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் பச்சை ஒளியைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் சாயத்தை வடிகட்ட வடிகட்ட வெளிச்சம் மங்குகிறது. சீக்கிரம் மங்கினால் சிறுநீரகம் நன்றாக உழைக்கிறது, நெடுநேரம் மின்னிக்கொண்டே இருந்தால் தளர்ந்துவிட்டது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்து மறுபக்கம் வெளியேறும் தொட்டியில் மஞ்சளைக் கரைத்துவிட்டு, அது வெளுக்கும் வேகத்தைப் பார்த்தே மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது போல. சிறுநீர் பிடிக்க வேண்டாம், திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டாம். நாய் பாட்டுக்குப் படுத்திருக்கலாம்.

நம் ஆட்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை ரோமம், இளஞ்சிவப்புத் தோல். நம் தெரு நாய்களில் பலதுக்குத் தோலே கறுப்பு. கறுப்பில் ஒளி எப்படிப் புகும்? நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் விரலில் மாட்டினோமே ஆக்சிமீட்டர், அது கறுப்பு நிறத்தவரிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது அதிகம் என்று 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு சொன்னது. வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதத்திலும் கறுப்பினத்தவரிடம் எடுத்தவற்றில் 11.7 சதவீதத்திலும் அந்தக் கருவி குறைவைக் கண்டுபிடிக்கவில்லை. சிறுநீரகக் கருவியில் ஒரு அனுகூலம் உண்டு. வெளிச்சம் எவ்வளவு என்பதைக் கொண்டு அது முடிவு சொல்வதில்லை, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கொண்டுதான் சொல்கிறது. கறுப்புத் தோல் வெளிச்சத்தை விழுங்கினாலும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விகிதத்தில்தான் விழுங்கும். ஆனாலும் வெளிச்சம் கருவிக்கு எட்டும் அளவுக்கு இருந்தாக வேண்டும். எனவே எந்தத் தோலுக்கும் எந்த விலங்குக்கும் எவ்வளவு மருந்து என்பதைத் தனித்தனியே சோதித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதே வழியில் வேறொரு ஒளிரும் மருந்தைக் கொண்டு மனிதருக்கான கருவியை அமெரிக்காவின் மெடிபீக்கன் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் அதற்கு ஒப்புதல் தந்தது. நெஞ்சில் ஒட்டும் பட்டை அது. விலங்குகளிடம் முதலில் மெய்ப்பித்த வழியில் மனிதர் இப்போது நடக்கிறோம்.

கடனை ஒப்புக்கொள்வது

வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன்பு நம் பக்கத்து மக்களுக்கு நாயின் உழைப்பைப் பெயரோடு எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறது. ஜெனீவா நாய்க்கும் வியன்னா நாய்க்கும் யாரும் பெயர் எழுதவில்லை.

நம் நாட்டில் இந்தக் கடனைச் சட்டமாக ஒப்புக்கொண்டது 1960இல். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. அதற்காக மாநிலங்களவையில் போராடியவர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். விலங்குகள் மேல் செய்யும் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடனை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. பிணந்தின்னிக் கழுகுகள் ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்ற புதிருக்கு 2004இல்தான் விடை கிடைத்தது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். சிறுநீரகம் சத்தம் போடாமல் சாகும் உறுப்பு. நாம் கேட்டால்தான் அது சொல்லும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்

தோல் வழியே அளக்கும் கருவி நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்கு நாளைக்கே வந்துவிடாது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

1. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள். நாய் ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். "வெயில் காலம், அதான் குடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள்.

2. ஏழு வயது தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரின் அடர்த்தியையும் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துப்போவது தெரிந்துவிடும். வசதி உள்ள ஊர்களில் எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அது கிரியாட்டினினைவிட முன்னதாக எச்சரிக்கும்.

3. கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். போன வருடத்து எண்ணையும் எடுத்து வையுங்கள். 0.8 இருந்தது 1.3 ஆனால், இரண்டும் இயல்பு வரம்புக்குள் இருந்தாலும், விசாரிக்க வேண்டிய விஷயம்.

4. நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்கும் பூனைக்கும் பாதி உடைத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. பூனை வளர்க்கும் வீட்டில் லில்லிப் பூ வேண்டாம்.

5. தோட்டத்தில் நாய் வைத்திருக்கும் சொந்தங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம்தான் பெரிதாக அடிவாங்கும். 1796இல் இந்தப் பாம்பைப் பற்றி விரிவாக எழுதிய பாட்ரிக் ரஸ்ஸல் அதன் நஞ்சைச் சோதித்ததும் கோழிகளிடமும் நாய்களிடமும்தான். ஆங்கிலத்தில் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடிபட்ட நாயை வேப்பிலை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் மறக்காதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்தான்.

இதில் முதல் மூன்றும் மனிதருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஐம்பது தாண்டிய என் மாணவர்கள், குறிப்பாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்காகவாவது லேப் வரைக்கும் போகிறவர்கள், போன கையோடு தங்களுக்கும் ஒன்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

உங்களில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். நான் சொன்னதோடு சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.

அனைவரும் நலமாக இருங்கள்.